நாய்க்குட்டிகளின் சமூகமயமாக்கம்

நாய்க்குட்டிகளின் சமூகமயமாக்கம் என்பது குட்டியை மனிதர், பிற விலங்குகள், ஒலிகள், இடங்கள் ஆகியவற்றுடன் அச்சமின்றிப் பழகச் செய்வதாகும். பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையான காலமே இதற்கு உகந்தது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் நடத்தப்பட்டு 1961இல் வெளியான சோதனை ஒன்றில், குட்டிகள் வேலியிட்ட வெளியில் வளர்க்கப்பட்டன. 14 வாரங்கள் வரை மனிதத் தொடர்பே இல்லாதிருந்தவை பின்னரும் மனிதரை அணுக அஞ்சின.

தடுப்பூசித் தொடர் முடியும் முன்னரே இக்காலம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. பார்வோ தீநுண்மிக்கு அஞ்சிக் குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதும் தீங்கே. முதல் தடுப்பூசி இட்டுக் குறைந்தது 7 நாட்கள் கழிந்த குட்டிகளைத் தூய்மையான இடத்தில் நடைபெறும் பயிற்சி வகுப்புகளில் சேர்க்கலாம் என்பது அமெரிக்க விலங்கு நடத்தையியல் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008இல் எடுத்த நிலைப்பாடு. அஞ்சி ஒடுங்கும் குட்டியை முன்தள்ளுவது பழக்குதல் ஆகாது. அது தானாக நெருங்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.