இந்திய-பாகிஸ்தான் இணையவழி அமைதி முயற்சிகள்

இந்திய-பாகிஸ்தான் இணையவழி அமைதி முயற்சிகள் என்பவை, போரைத் தவிர்க்கவும் பகையைத் தணிக்கவும் இரு நாட்டுக் குடிமக்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து இணையத்தின் வழியே நடத்திவரும் இயக்கங்கள். இவற்றுக்கு ஒரே தலைமையோ அமைப்போ இல்லை. மின்னஞ்சலில் தொடங்கி முகநூல், ட்விட்டர், யூடியூப் என ஊடகம் மாறமாற இவையும் உருமாறின. எல்லையில் பதற்றம் ஏறும்போதுதான் இவை பரவலாகக் கண்ணில் படும். ஆனால் கைக்கெட்டிய பலன் தந்தவற்றுள் பல, பதற்றம் தணிந்திருந்த நாட்களில் சத்தமில்லாமல் நடந்த வேலைகள்.

பின்னணி

இரு நாட்டு மக்கள் நேரில் சந்திப்பது எளிதாக இருந்ததில்லை. விசா பொதுவாக நாடு முழுமைக்கும் கிடைத்ததில்லை. குறிப்பிட்ட ஊர்களுக்கே கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் காவல்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தவர்களே அதிகம். இந்தத் தடைகளுக்கு நடுவிலும் 1994இல் அமைதிக்கும் ஜனநாயகத்துக்குமான பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றம் உருவானது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரும் தோழர்களும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 14 நள்ளிரவில் வாகா எல்லையில் மெழுகுவத்தி ஏற்றினர். இப்படி நேரில் பழகியவர்களின் வட்டமே பின்னாளைய இணைய முயற்சிகள் பலவற்றுக்கு விதையானது.

மின்னஞ்சல் காலம்

1996இல் ஹர்ஷ் கபூர் 'தெற்காசியக் குடிமக்கள் வலை' என்ற செய்தித் தொகுப்பைத் தொடங்கினார். இரு நாட்டிலும் வெளியான போர் எதிர்ப்பு, மதச்சார்பின்மைக் கட்டுரைகளைத் திரட்டி மின்னஞ்சலில் அனுப்புவது அதன் பணி. ஒரு நாட்டின் நாளிதழ் மறு நாட்டுக் கடைகளில் கிடைக்காத சூழலில், அடுத்த வீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பலர் இதன் வழியாகவே அறிந்தனர். 1997இல் தொடங்கிய 'சௌக்' தளம், நாற்சந்தி என்ற தன் பெயருக்கேற்ப இரு நாட்டு எழுத்தாளர்களும் வாதிடும் இடமாக இருந்தது.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியாவும் சாகாயில் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. இரு நாட்டுத் தெருக்களிலும் இனிப்பு வழங்கப்பட்டது. எதிர்த்தவர்கள் ஊருக்குச் சிலராகச் சிதறிக் கிடந்தனர். அவர்களை ஒரு வலைக்குள் சேர்த்ததில் மின்னஞ்சலுக்குப் பங்குண்டு.

சமூக வலைத்தளங்களின் வருகை

2010 ஜனவரி 1 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமமும் பாகிஸ்தானின் ஜங் குழுமமும் சேர்ந்து 'அமன் கி ஆஷா' இயக்கத்தைத் தொடங்கின. 'அமைதிக்கான நம்பிக்கை' என்பது பொருள். அமன் அரபியிலிருந்து உருது வழியே வந்த சொல், ஆஷா சமஸ்கிருத வேர் கொண்டது. பெயரிலேயே இரு கரைகளும் இருந்தன. 2012இல் தொடங்கிய 'ஆகாஸ்-ஏ-தோஸ்தி' பள்ளிக் குழந்தைகள் மீது கவனம் செலுத்தியது. இரு நாட்டுக் குழந்தைகள் வரைந்த ஓவியங்களைக் கொண்டு ஆண்டுதோறும் நாட்காட்டி வெளியிட்டது.

2015இல் மும்பை விளம்பரப் பட இயக்குநர் ராம் சுப்பிரமணியன் 'புரொஃபைல் ஃபார் பீஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். தான் இந்தியர் என்றும், பாகிஸ்தானை வெறுக்கவில்லை என்றும் எழுதிய வாசகத்தோடு முகப்புப் படம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லைக்கு அப்பாலிருந்தும் அதே பாணியில் பதில் படங்கள் வந்தன.

இதன் தொடர்ச்சியாக 2016இல் வெளியான காணொளியில் ஜலந்தரைச் சேர்ந்த குர்மெஹர் கௌர் வாய் திறக்காமல் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். 1999இல் காஷ்மீரில் உயிரிழந்த ராணுவ அதிகாரி மன்தீப் சிங்கின் மகள் அவர்; அப்போது அவருக்கு வயது இரண்டு. குழந்தையாக இருந்தபோது பாகிஸ்தானியரை வெறுத்ததையும், அம்மா பொறுமையாக எடுத்துச் சொல்லி மனம் மாறியதையும் அட்டைகள் வரிசையாகச் சொல்லின. தந்தையைக் கொன்றது பாகிஸ்தான் அல்ல, போர் என்றது ஓர் அட்டை. 2017 பிப்ரவரியில் டெல்லி மாணவர் மோதல் ஒன்றில் அவர் கருத்துச் சொன்னதும், அந்த ஓர் அட்டை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் பரப்பப்பட்டது. கேலியோடு பாலியல் மிரட்டல்களும் குவிந்தன. நிதானமாகச் சொன்ன கதையை ஒற்றைப் படமாகச் சுருக்கி எதிராகத் திருப்ப முடியும் என்பதற்கு இது அறியப்பட்ட உதாரணமானது.

2019 நெருக்கடி

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த தாக்குதலில், தமிழகத்தைச் சேர்ந்த இருவர் உட்பட மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். லாகூர் பத்திரிகையாளர் செஹர் மிர்சாவும் பாகிஸ்தான் பெண்கள் சிலரும், தாக்குதலைக் கண்டிக்கும் அட்டைகளைக் கையில் பிடித்த படங்களை வெளியிட்டனர். தொடர்ந்து மூண்ட வான் மோதலில் பிப்ரவரி 27 அன்று, சென்னையைச் சேர்ந்த விமானப்படை விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானிடம் சிக்கினார். 'சே நோ டு வார்' என்ற ஹேஷ்டேக் இரு நாட்டிலும் ஒருசேர முன்னணிக்கு வந்தது. மார்ச் 1 இரவு அபிநந்தன் வாகா வழியே திரும்பினார். விடுதலைக்குப் பின்னால் ராஜதந்திர அழுத்தங்களும் இருந்ததால், அதை ஹேஷ்டேக்கின் வெற்றியாகக் கணக்கிட முடியாது. போர் வேண்டாம் என்பவர்கள் இரு பக்கமும் உண்டு என்பதைக் கண்கூடாகக் காட்டியதே அதன் பங்கு.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டது. 4ஜி சேவை திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. எந்த நிலத்தைப் பற்றிய பூசலோ அந்த நிலத்தின் மக்களே உரையாடலில் இல்லாமற்போயினர்.

உதவியும் சந்திப்பும்

2021 ஏப்ரலில் இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, இந்தியாவுக்கு ஆதரவான ஹேஷ்டேக்குகள் பாகிஸ்தானில் முன்னணியில் நின்றன. ஈதி அறக்கட்டளையின் ஃபைசல் ஈதி 50 ஆம்புலன்ஸ்களை அனுப்ப முன்வந்து பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார்.

பாகிஸ்தானின் நாசிர் தில்லான் நடத்தும் 'பஞ்சாபி லெஹர்' யூடியூப் சேனல் பிரிவினையில் சிதறிய குடும்பங்களைத் தேடிச் சேர்த்தது. 1947இல் பிரிந்த சகோதரர்கள் இருவர் 2022 ஜனவரியில் பாகிஸ்தானிலுள்ள கர்தார்பூர் குருத்வாராவில் கட்டிப்பிடித்து அழுத காட்சி உலகெங்கும் பார்க்கப்பட்டது. புனேயைச் சேர்ந்த 90 வயதுப் பெண் ஒருவர், ராவல்பிண்டியில் தாம் வளர்ந்த வீட்டைப் பற்றி முகநூலில் எழுதினார். அங்கிருந்த ஒருவர் தெருவைத் தேடிப் பிடித்து வீட்டைப் படமெடுத்து அனுப்பினார். 2022 ஜூலையில் அந்த மூதாட்டி வாகா வழியே போய் அந்த வீட்டுக்குள் நடந்தார்.

2025

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். வாகாவின் இந்தியப் பக்கமான அட்டாரி எல்லை மூடப்பட்டது, விசாக்கள் ரத்தாயின, மே மாதம் தபால் பரிமாற்றமும் நின்றது. இந்தியா பாகிஸ்தானின் 16 யூடியூப் சேனல்களை முடக்கியது. எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தில் 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடுக்க உத்தரவிட்டது. எக்ஸ் தளத்தை 2024 பிப்ரவரி முதல் முடக்கியிருந்த பாகிஸ்தான், இரு நாட்டு ராணுவ மோதல் வெடித்த மே 7 அன்று அதைத் திறந்துவிட்டது. முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் பகைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட, பஹல்காமில் கணவரை இழந்த இளம்பெண் ஒருவர் இணையத்தில் வசைபாடப்பட்டார். மே 10 சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் அவர் குடும்பமும் இணையத்தில் வசைக்கு ஆளாக, அவர் தன் எக்ஸ் பக்கத்தைப் பூட்டிக்கொண்டார்.

மதிப்பீடு

இம்முயற்சிகள் எதுவும் அரசுகளின் முடிவை மாற்றியதாக நிறுவப்படவில்லை. ஆங்கிலம் அறிந்த நகர்ப்புறத்தாரின் வட்டம் என்ற விமர்சனமும் உண்டு. முகவரி தேடித் தரவும் ஆளைக் கண்டுபிடிக்கவும் இணையம் போதுமானது. அதன் பிறகு கதவு திறப்பது அரசின் கையில் இருக்கிறது. பிரிந்த சகோதரர்கள் சந்தித்த கர்தார்பூருக்குச் செல்லும் பாதையையும் 2025 மே 7 அன்று இந்தியா தன் பக்கத்தில் மூடியது.