பிளஸ் டூ கணக்கு ஒன்றின் பூர்வீகம்

பிளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுத்தவர்கள் இதைப் போட்டிருப்பார்கள். டேன்ஜென்ட் மதிப்பு 1/2 ஆக ஒரு கோணம், 1/3 ஆக இன்னொரு கோணம். இரண்டையும் கூட்டினால் எவ்வளவு? கால்குலேட்டரில் தட்டினால் 26.565..., 18.434... என்று இரண்டும் முடிவில்லாமல் நீளும். கூட்டல் சூத்திரத்தில் போட்டாலோ ஆறில் ஐந்தை ஆறில் ஐந்தால் வகுக்க வேண்டியிருக்கும், 1 வரும். ஆக, விடை துல்லியமாக 45 பாகை. தேர்வுக்கென்றே யாரோ ஜோடித்த கணக்கு போலத் தெரியும். ஆனால் பை என்னும் எண்ணின் இலக்கங்களைத் தோண்டி எடுக்க முந்நூறு ஆண்டுகள் உழைத்த கருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

விகிதம் தெரியும், கோணம் எவ்வளவு என்ற கேள்வி வானியலில் பிறந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி ஐங்கோணத்தைக் கொண்டு 36, 72 பாகைகளுக்குரிய நாண்களைத் துல்லியமாகக் கணித்தார். ஒரு பாகைக்கு வந்தபோது தோராயத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. 499இல் ஆரியபடர் 24 மதிப்புகள் கொண்ட சைன் வாய்பாட்டைத் தந்தார். கோணம் வேண்டுமானால் வாய்பாட்டைப் பின்னோக்கிப் படிப்பார்கள், இடையில் விழுந்தால் உத்தேசமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அதுவே வழக்கமாக இருந்தது.

வாய்பாடே இல்லாமல் விகிதத்திலிருந்து நேரே கோணத்துக்குப் போகும் வழி, நாம் அறிந்தவரை, முதலில் கேரளத்தில் திறந்தது. சங்கமகிராமத்து மாதவர் (ஏறத்தாழ 1340-1425) கண்ட வழி இது: டேன்ஜென்ட் மதிப்பை எடுத்துக்கொள், அதன் மும்மடிப் பெருக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, ஐந்தாம் படியில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, இப்படியே போ. 45 பாகைக்கு இதைப் போட்டால் பையின் கால் பங்கு கிடைக்கும். ஆனால் அது ஆமை வேகம். நூறு உறுப்புகளைக் கூட்டிய பிறகும் பையின் இரண்டாம் தசம இலக்கமே சரியாக வராது. அதனால் 30 பாகைக்கான வழியும் சொல்லப்பட்டது. அங்கே ஒவ்வொரு உறுப்பும் கூடுதலாக மூன்றால் வகுபட்டுச் சுருங்கும். மாதவர் பெயரால் வழங்கும் பை மதிப்பு 11 தசம இடங்கள் வரை சரி. அதைத் தேவர் என்றால் 33, கண் என்றால் 2, யானை என்றால் 8 என்று சொற்களால் செய்யுளில் கட்டி வைத்தார்கள். இவ்வழிகளைச் சொல்லும் மாதவரின் சொந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா நிரூபணங்களோடு அவற்றைக் காப்பாற்றித் தந்தது.

முடிவில்லாமல் நீளும் இந்தத் தொடர் மிளகோடு கப்பலேறி ஐரோப்பா போனதா என்று ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். சான்று அகப்படவில்லை. 1671 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரி, லண்டனில் ஐரோப்பியக் கணிதச் செய்திகளுக்கெல்லாம் தபால் நிலையம்போல இருந்த ஜான் காலின்ஸுக்கு அதே தொடரை எழுதி அனுப்பினார். அக்கடிதத்தில் இருந்த வேறு சில தொடர்களை அவர் எப்படிக் கண்டார் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. எடின்பரோ புத்தக வியாபாரி ஒருவர் அவருக்கு எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டு வைத்திருந்தார்! இரண்டு மூன்று ஆண்டுகளில் பாரிஸிலிருந்த லைப்னிட்ஸும் 45 பாகைத் தொடரைத் தனியே கண்டுகொண்டார். 1699இல் ஆபிரகாம் ஷார்ப், மாதவரின் அதே 30 பாகை வழியில் 71 தசம இடங்களுக்குப் போனார்.

1706இல் ஜான் மேச்சின் செய்த காரியம்தான் என்னை மிகவும் கவர்கிறது. தொடர் வேகமாகச் சுருங்க வேண்டுமானால் டேன்ஜென்ட் சிறிதாக இருக்க வேண்டும். சிறிய கோணத்துக்கும் பைக்கும் துல்லியமான உறவும் வேண்டும். மேச்சின் 1/5ஐ எடுத்தார். அந்தக் கோணத்தை இரட்டித்தால் டேன்ஜென்ட் 5/12. மறுபடி இரட்டித்தால் 120/119, அதாவது 45 பாகையை மயிரிழை தாண்டிய இடம். தாண்டிய அந்தத் துண்டின் டேன்ஜென்ட் சரியாக 1/239. இரண்டு சிறு பின்னங்கள், பிசிறில்லாத ஒரு சமன்பாடு. நூறு தசம இடங்கள் வந்து விழுந்தன. உறவு ஒரு துளி தோராயமாக இருந்திருந்தாலும் பின்வரும் இலக்கங்கள் அத்தனையும் பாழ். வில்லியம் ஜோன்ஸ் இதை அச்சிட்ட அதே புத்தகத்தில்தான் பை என்ற கிரேக்க எழுத்து இன்றைய பொருளில் முதன்முதலாக வந்தது.

பிறகு மேச்சினைப் பார்த்துப் பலர் புதுப் புதுச் சேர்க்கைகளைக் கண்டார்கள். நம் பிளஸ் டூ கணக்கு ஆய்லர் கையாண்டது. 1844இல் சக்கரியாஸ் டாசே டேன்ஜென்ட் 1/2, 1/5, 1/8 ஆக உள்ள மூன்று கோணங்களை வைத்து 200 இலக்கங்களை மனக்கணக்காகவே போட்டார். வில்லியம் ஷாங்க்ஸ் மேச்சின் வழியில் 1873இல் 707 இலக்கங்கள் வரை போனார். 528ஆம் இலக்கத்தில் தவறு நேர்ந்தது 1940களில்தான் தெரிய வந்தது.

இதற்கிடையில் கேரளத்துச் சுவடிகளைப் படித்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் சார்ல்ஸ் விஷ், அங்கே இந்தத் தொடர்கள் இருப்பதை 1830களில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு எழுதினார். அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. லோனி என்பவரின் திரிகோணமிதிப் பாடநூலில் இத்தொடர் கிரிகரி பெயரில்தான் இருந்தது. கும்பகோணத்தில் சிறுவன் ராமானுஜன் கரைத்துக் குடித்ததும் லோனியின் அந்தப் புத்தகத்தையே. பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இத்தொடர் அந்நியப் பெயரோடு உலவியதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் தலைவரான சி.டி. ராஜகோபால் 1940களில் எழுதத் தொடங்கிய கட்டுரைகள்தான் மாதவர் மரபைக் கணித உலகின் கவனத்துக்கு மீட்டன.

1949இல் எனியாக் கணினி 2,037 இலக்கங்களைக் கணித்தது; வழி மேச்சினுடையதே. பிறகு வேறு முறைகள் முந்தின. ஆனால் 2002இல் டோக்கியோவின் யசுமாசா கனாடா குழு 1,24,110 கோடி இலக்கங்களுக்குப் போக மீண்டும் இந்தக் குடும்பத்தையே நாடியது. பயன்பட்ட இரு சமன்பாடுகளில் ஒன்றைக் கண்டவர் கிகுவோ தகானோ. ஜப்பானில் அவர் கவிஞராகவும் அறியப்பட்டவர். 2009 இறுதியிலிருந்து சாதனைகள் சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரத்துக்குப் போய்விட்டன. அதன் வேர் 1914இல் ராமானுஜன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.