பக்கிங்காம் கால்வாயில் இரவுப் படகுப் பயணம்

பக்கிங்காம் கால்வாய் என்பது ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை, வங்கக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் உப்புநீர்க் கால்வாய் ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. படகில் படுத்துறங்கியபடியே ஊர் சேரும் வசதியை இக்கால்வாய் ஒரு காலத்தில் அளித்தது. அந்த உறக்கத்துக்குப் பின்னால் படகோட்டிகளின் கடும் உழைப்பு இருந்தது.

தோற்றம்

1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் பொருளுதவியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கி.மீ. நீளத்துக்கு முதற்பகுதி வெட்டப்பட்டது. அதனால் முதலில் இது 'காக்ரேன் கால்வாய்' எனப்பட்டது. பின்னர் அரசு இதனை ஏற்றுப் பழவேற்காடு ஏரி வரையும் அதற்கு அப்பாலும் நீட்டித்தது. பெரும்பஞ்சம் நிலவிய 1877-78இல், பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. பகுதி தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் சூட்டப்பட்டது. உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல் முதலியவை இவ்வழியே சென்னைக்கு வந்தன.

படகில் உறக்கம்

கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே மணல்திட்டு இருப்பதால் இங்கு அலை இல்லை. படகு அதிகம் ஆடாது. வெயிலின் கொடுமையும் இரவில் இல்லை. பலகைமேல் பாய் விரித்துப் படுத்தவருக்குத் திறந்தவெளிக் காற்று கிடைத்தது. தேங்கிய நீரோரக் கொசுத்தொல்லைக்குப் போர்வையே காப்பு.

படகோட்டிகளின் நிலை வேறு. காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். வாய்க்காதபோது ஒருவர் நீண்ட கழியால் தள்ள, மற்றவர் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுப்பர். பயணி உறங்கும் நேரத்தில் அவர்கள் சேற்றிலும் முள்ளிலும் நடந்தனர். கழிமுகங்கள் வழியே கடல்நீர் ஏறி இறங்குவதால், நீர் குறையும்போது பாரப்படகு தரைதட்டும். மீண்டும் நீர் ஏறும்வரை காத்திருக்கும் பொழுதே அவர்கள் கண்ணயரும் பொழுது. பாரதிதாசன் தம் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையில், சென்னையிலிருந்து நண்பர்களுடன் இக்கால்வாயில் சென்ற படகுப் பயணத்தைப் பாடியுள்ளார். வழியின் அழகோடு, படகை இழுக்கும் உழைப்பாளரின் துன்பமும் அதில் இடம்பெறுகிறது.

வீழ்ச்சி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதையும் பின்னர் லாரிகளும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965-66, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. நகரின் நடுப்பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுப்பப்பட்டன. வடசென்னையில் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், இக்கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மக்கள் பாய் விரித்துப் பயணம் செய்த எண்ணூர்ப் பகுதியில் இன்று கரையோரம் மூக்கைப் பொத்தாமல் நிற்பதே அரிது. நீர்வழி மீள வேண்டுமானால் முதலில் நீர் மீள வேண்டும்.