பத்தாம் பளை: வழிநடையாளர் தங்கிய ஊர்கள்

முல்லைத்தீவுக்கு அருகில், நந்திக்கடலின் ஓரமாக, வற்றாப்பளை என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை அறியாத ஈழத்தமிழர் இல்லை. அந்த ஊர்ப்பெயருக்கு மக்கள் கூறிவரும் விளக்கம் ஒன்று நம் கவனத்துக்குரியது. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, ஊர் ஊராகத் தங்கி நடந்தாள். அவள் தங்கிய பத்தாவது இடமே 'பத்தாம் பளை' எனப்பட்டு, நாளடைவில் வற்றாப்பளை ஆயிற்று என்பது அந்த விளக்கம். சொல்லாராய்ச்சியாளர் இதை ஏற்பார்களா என்பது வேறு விடயம். அரசன் ஆண்டது, கோட்டை இருந்தது, துறைமுகம் இருந்தது என்று பெருமை பேசும் ஊர்கள் பல உண்டு. "நடந்து களைத்து வந்த ஒருத்தி இங்கே இளைப்பாறினாள்" என்பதையே தன் பெருமையாகக் கொண்ட ஊர் இது. அந்தப் பெருமைக்குள் ஒரு பண்பாடு அடங்கியிருக்கிறது.

நெடுந்தூரம் நடப்பவனுக்கு நல்ல தங்கலூர் எது? பஸ்ஸும் றெயிலும் வருவதற்கு முன்னர் இது எல்லாரும் கேட்ட கேள்வி. சுமையோடு நடப்பவன் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மைல்தான் கடப்பான். ஆகவே ஒரு நாள் நடைக்கு ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரில் நீரும் நிழலும் சோறும் வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கியம் காட்டும் வழி

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்பது வழி சொல்லும் இலக்கியம். புரவலனின் புகழைப் பாடுவது அதன் நோக்கமாயினும், வழியில் எந்த ஊரில் யார் என்ன கொடுப்பார்கள் என்ற செய்தி அதில் நிறைய உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனின் கிடங்கிலுக்குச் செல்லும் பாணன் மூன்று ஊர்களைக் கடக்கிறான். எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீனைக் கொடுப்பர். வேலூரில் எயினர் புளிச்சோற்றையும் சுட்ட இறைச்சியையும் கொடுப்பர். ஆமூரில் உழவர் வெண்சோற்றையும் நண்டுக் கறியையும் கொடுப்பர். எந்த ஊரும் தன்னிடம் இல்லாததைக் கடன்வாங்கி விருந்து வைக்கவில்லை. உள்ளதைப் பகிர்ந்தது, அவ்வளவுதான்.

மலைபடுகடாம் இன்னுமொரு படி செல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் இடம் எது, வழுக்கும் இடத்தில் எதைப் பற்றி நடக்க வேண்டும் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. வழிநடையாளனுக்குச் சோற்றைப் போலவே செய்தியும் உணவுதான். மறுநாள் வழியைச் சொல்லி அனுப்பாத ஊர் பாதி உபசாரமே செய்த ஊர்.

சிலப்பதிகாரம் இந்த உபசாரத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். கூட வந்த கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்னும் இடைச்சியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குத் தனி மனை கொடுக்கிறாள். கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதால், அவர்களே சமைத்துக்கொள்ளப் புதுக் கலங்களும் அரிசியும் காய்களும் கொடுக்கிறாள். விருந்தினரின் வழக்கத்தை அறிந்து அதற்கேற்பக் கொடுப்பது அவள் பண்பு. பின்னர் கோவலன் கொலையுண்டபோது, அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயிற் புகுந்தாள் என்கிறது காப்பியம். கொலை செய்தது மதுரை அரசு. அதற்காக உயிர் விட்டவளோ ஓரிரு நாள் இடம் கொடுத்த இடைச்சி! தன் ஊருக்கு வந்தவன் தன் பொறுப்பு என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

கல்லிலே செய்த கருணை

இந்த எண்ணத்தை யாழ்ப்பாணத்தார் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி வைத்தார்கள். பழைய தெருக்களின் ஓரத்தில் நான்கு பொருள்கள் ஒன்றாக இருப்பதைக் காணலாம்: மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல். மடம் மனிதன் படுக்க. கேணி குளிக்கவும் குடிக்கவும். ஆவுரஞ்சிக் கல் மாடுகள் உடம்பை உரசித் தினவு தீர்க்க. சுமைதாங்கியின் உயரத்தைப் பாருங்கள். தலையில் சுமையோடு வருபவன், பிறர் கை கொடுக்காமலே, குனியாமலே, சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். மீண்டும் அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். தனியாக வருபவனை மனத்திற்கொண்டு அளந்த அளவு அது. பிள்ளைப்பேற்றுக்கு முன் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்காகப் பிறர் சுமையை இறக்க ஒரு கல்!

பருத்தித்துறையில் தெருமூடிமடம் ஒன்று உண்டு. தெருவின் ஓரத்தில் மடத்தைக் கட்டாமல், தெருவையே மூடிக் கட்டியிருக்கிறார்கள். இரு பக்கமும் திண்ணை; நடுவே பாதை. போகிறவன் மடத்துக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டியதில்லை. நடந்தாலே உள்ளே வந்துவிடுவான். சிங்கள மக்களிடையே இதே பணியைச் செய்தது அம்பலம். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலம் கற்களின்மேல் மரச் சட்டங்களை அடுக்கி எழுப்பிய சிறு மண்டபம். அதற்குக் கதவே கிடையாது.

தமிழகத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் சத்திரங்களை அமைத்தார்கள். 1799இல் தஞ்சை ஆட்சி கும்பனியார் கைக்குப் போனது. இரண்டாம் சரபோஜி மன்னர், 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சத்திரங்களின் பணிகளை விளக்கினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு. சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசி. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டோ என அழைப்பார்கள். நோயுற்றவருக்கு வைத்தியமும் பத்திய உணவும், கைக்குழந்தைக்குப் பாலும் கிடைக்கும். வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் நடக்கும். அந்த நள்ளிரவு மணியை நினைத்துப் பாருங்கள். வந்தவனுக்குச் சோறு போடுவது ஒன்று. வராமல் இருளில் ஒதுங்கியிருப்பவனைத் தேடிக் கூப்பிடுவது வேறொன்று.

ஆயினும் பழையன எல்லாம் பொன் என்று சொல்லிவிடுவது உண்மைக்கு மாறு. தர்மத்துக்குக் கட்டிய மடங்களும் கிணறுகளும் எல்லாருக்கும் ஒரேமாதிரித் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால், தாகத்தோடு வந்தவனைத் தூர நிற்கச் சொல்லி, உயரத்திலிருந்து நீர் வார்த்த ஊர்கள் நம் ஊர்கள்தாம். பொது இடங்களில் இப்படி ஒதுக்குவதைக் குற்றமாக்க 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஒன்று இலங்கையில் தேவைப்பட்டது. அதன் பின்னரும் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் போராட வேண்டியிருந்தது. கேணி ஆழமாக இருந்தென்ன? இறங்க விடாத கேணி வற்றிய கேணியே.

மடம் இல்லாத பாதை

நல்ல தங்கலூர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையும் இலங்கைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்காக 1820களிலிருந்து தமிழகத் தொழிலாளர் இந்நாட்டுக்கு வந்தனர். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது மைல். முன்னே கங்காணி, பின்னே குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார். பெரும்பகுதி வறண்ட நிலம், தூர்ந்த குளங்கள், இடையில் ஊர்கள் குறைவு. வாந்திபேதி வந்தபோது, தொற்றுக்கு அஞ்சி வழியூரவரும் விலகினர். நடக்க முடியாதவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டார்கள். எத்தனையோ பேருக்கு அந்தக் காடே சுடுகாடாயிற்று. பின்னாளில் அரசு கொட்டகைகளும் கிணறுகளும் வைத்திய நிலையங்களும் அமைத்தது. ஆனால் அதற்குள் பாதையோரம் மண்ணுக்குள் போனவர்கள் அதிகம்.

யாத்திரிகர் நடந்த பாதைகளில் மடம் உண்டு, அன்னதானம் உண்டு. தொழிலாளிக்கு அது இல்லை. யாத்திரிகனுக்குக் கொடுப்பது புண்ணியம் என்று நினைத்த சமூகம், கூலிக்கு நடப்பவனுக்குக் கொடுப்பதும் புண்ணியமே என்று நினைக்கவில்லை. நடை முடிந்த இடத்தில் அவர்கள் மாரியம்மனை வணங்கி நின்றதன் நினைவை மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இன்றும் சுமக்கிறது. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பதினாறு நாள் நடைபயணம் ஒன்று நடந்தது. முன்னோருக்கு ஊர்கள் தராத வரவேற்பைப் பேரப்பிள்ளைகள் கேட்டு நடந்தார்கள் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

கதிர்காமப் பாதையில்

இன்றும் நெடுந்தூர நடை உயிரோடிருக்கும் பாதை கதிர்காமப் பாதை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாத யாத்திரிகர்கள் வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எனக் கீழ்க்கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து உகந்தையை அடைகிறார்கள். 1983இன் பின்னர் போரினால் நின்றுபோன இந்நடை, 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் உள்ளிட்ட அடியார்களின் முயற்சியால் கிழக்கில் மீண்டும் துளிர்த்தது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலிருந்தும் நடக்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பாதையில் நடப்பவனுக்குப் பெயர் இல்லை, எல்லாரும் 'சாமி'. எந்த ஊர், என்ன சாதி, என்ன உத்தியோகம் என்ற கேள்விகளை அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. கோயில் மண்டபத்தில் இடம், ஒரு வேளைச் சோறு, கால் கொப்புளத்துக்கு மருந்து, அடுத்த ஊருக்கான வழி, இவ்வளவும் கேளாமலே கிடைக்கின்றன. கீழ்க்கரையின் முஸ்லிம் ஊர்களிலும் யாத்திரிகருக்குத் தாகத்துக்குக் கொடுப்பதுண்டு.

உகந்தை கடைசி ஊர். அதற்கப்பால் குமண, யால வனங்கள், கும்புக்கன் ஆறு, யானையும் கரடியும் உள்ள காடு. ஆகவே உகந்தையின் பணி மற்ற ஊர்களின் பணி அன்று. தனித்தனியே வந்தவர்களை அது கூட்டமாக்குகிறது. காட்டுக்கான அரிசியையும் அவலையும் சேர்த்துக்கொள்ளச் செய்கிறது. முதியவர் எந்தக் கூட்டத்தோடு போவார் என்று பார்க்கிறது. பிறகு அனுப்பி வைக்கிறது. நல்ல தங்கலூர் வந்தவனைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மறுநாள் நடையைத் தாங்கும் உடம்போடும் மனத்தோடும் வழியனுப்புகிறது.

அண்மைக் காலத்தில் யாத்திரிகர் தொகை பெருகியிருக்கிறது. அன்னதானப் பந்தல்களும் ஒலிபெருக்கிகளும் பெருகியிருக்கின்றன. காட்டில் பிளாஸ்டிக் போத்தல்களும் குவிகின்றன. ஊர் வந்தவனுக்குக் கடன்பட்டிருப்பதுபோல, வந்தவனும் ஊருக்கும் காட்டுக்கும் கடன்பட்டவன். குடித்த கேணியை அழுக்காக்கிப் போகிறவன் பின்னே வருபவனின் தண்ணீரைத் திருடுகிறவன்.

தலைநகருக்கு ஒரு சொல்

கொழும்பு நகரத்தார்க்கு இதிலெல்லாம் என்ன பங்கு என்று கேட்கலாம். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வரும் ஆடிவேல் விழாவே, கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கதிர்காம யாத்திரையை அரசு கட்டுப்படுத்திய 1870களில் வேர்கொண்டது. கதிர்காமத்துக்கு நடக்க முடியாதவர்கள் காலி வீதியையே யாத்திரைப் பாதை ஆக்கினார்கள். ஆகவே அந்த வீதியில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைத்தன. வெசாக் காலத்தில் சிங்கள மக்கள் வைக்கும் தன்சலும் இதே அறத்தின் இன்னொரு முகம்.

ஆனால் விழா நாளில் மட்டும் அறம் செய்தால் போதுமா? புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வெளியூர்களிலிருந்து வருபவர்களைப் பாருங்கள். இரவு பஸ்ஸில் வந்து, காலையில் முகம் கழுவ இடம் தேடி, வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று தெரியாமல் வெயிலில் நிற்கும் தாய்மார் எத்தனை பேர்! அவர்களும் வழிநடையாளர்களே. அவர்கள் விரும்பி வந்த யாத்திரை அன்று அது. ஆகவே அவர்களுக்கு நிழல் இன்னும் அதிகமாகத் தேவை. கடைத் திண்ணையில் சற்று இருக்க விடுவதற்கும், ஒரு குவளை நீர் கொடுப்பதற்கும், எந்த மண்டபம் எந்தப் பக்கம் என்று அவர்கள் மொழியில் சொல்வதற்கும் மன்னர் மானியம் எதுவும் வேண்டியதில்லை.

நீரும் நிழலும் சோறும் போக, நல்ல தங்கலூருக்கு வேண்டிய இன்னொன்று என்று முதலில் சொன்னோம். வந்தவன் யார் என்று கேட்பதற்கு முன், அவன் களைத்திருக்கிறான் என்பதைக் காணும் கண்தான் அது. மாதரிக்கு அது இருந்தது. நள்ளிரவில் மணி அடித்த சத்திரத்துக்கு அது இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சென்ற பாதையில் அது இல்லாமற் போனதன் விலையை உயிர்களால் கொடுத்தோம். மடங்கள் இடிந்தாலும் அந்தக் கண்ணை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டால், நம் ஊர்கள் இன்னும் நெடுங்காலம் தங்கத் தகுந்த ஊர்களாகவே இருக்கும்.