மனிதரை விலைப்படுத்திய மண்ணில் சட்டம் வளர்ந்த வரலாறு

காணியும் மாடும் நகையும் போல ஆணும் பெண்ணும் உடைமையாகக் கணக்கிடப்பட்டுச் சீதனமாகக் கைமாறிய ஒரு காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அது புராண காலமன்று. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்வரை அதனை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருந்தது. மனித வியாபாரத்தைத் தண்டிக்கும் இன்றைய சட்டத்தின் அருமையை உணர விரும்புவோர், முதலில் அந்தப் பழைய சட்டத்தை அறிதல் வேண்டும்.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டிலேயே தஞ்சை நாட்டைப் பெரும் பஞ்சம் பீடித்தது. பசியால் வாடியோர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்கள் அவர்களை நாகபட்டினத்திலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றன. 1694 முதல் 1696 வரையிலான மூன்று ஆண்டுகளிலும் சோழமண்டலக் கரையிலிருந்து 3,500க்கும் மேற்பட்டோர் இலங்கைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். விற்பவனுக்குப் பசி, வாங்குபவனுக்கு இலாபம், இடையிலே தரகன். மனித வியாபாரத்தின் இம்மூன்று கால்களும் அன்றே ஊன்றப்பட்டுவிட்டன.

தேசாதிபதி சைமன்ஸ் காலத்தில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி 1707இல் தேசவழமையாக எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். சீதனம், முதுசம், ஒற்றி, ஈடு என்பவற்றோடு அடிமைகளைப் பற்றிய பகுதியும் அந்நூலில் இடம்பெற்றது. நான்கு குலத்தவர் அடிமைகளாகக் குறிக்கப்பட்டனர். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்பது விதி. ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்டவலு வழங்கியபோதும் இவ்வடிமை முறை உடனே நீங்கவில்லை.

அதனைத் தளர்த்தும் முயற்சிக்குப் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் துணைநின்றார். அவருடைய தூண்டுதலால், யூரர் பட்டியலில் இருந்த அடிமை உடையோர், 1816 ஆகஸ்ட் 12ஆந் திகதிக்குப் பின்னர் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என அறிவித்தனர். ஆயினும் ஒருவர் மனமிரங்கிக் கொடுத்த வாக்கை மற்றொருவர் மறுக்கலாமன்றோ? ஆகவே 1818இல் அரசாங்கம் அடிமைகளைப் பதிவு செய்யும் ஒழுங்கை வகுத்தது. ஓர் அடிமையைப் பலர் கூட்டாக உடைமை கொள்ளும் வழக்கமும் அதனால் நீக்கப்பட்டது.

1821ஆம் ஆண்டின் ஒழுங்கு இன்னும் நுட்பமானது. அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளின் விடுதலையை அரசாங்கமே விலை கொடுத்து வாங்க முன்வந்தது. ஒரு குழந்தைக்கு இரண்டு அல்லது மூன்று இறைசாலே விலை. தாய்வழியாக இறங்கிய அடிமைத்தனத்தைத் தாயாகப் போகும் பெண்ணிடத்திலேயே அறுப்பது அதன் நோக்கம். ஆனால் அதன் உள்ளே ஒரு கசப்பும் உண்டு. விடுதலைக்குரிய பணம் உடையவனுக்கே சென்றது. அடிமைப்பட்டவளுக்கு ஒரு சதமும் கிட்டவில்லை.

முடிவில் 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கை முழுவதிலும் அடிமைத்தனத்தை ஒழித்தது. சாசனம் கிழிந்தது. ஆயினும் விடுதலை பெற்றவனுக்குக் காணி இல்லை, கிணறு இல்லை, கோயில் வாயிலும் திறக்கவில்லை. நேற்றைய உடையவனின் வளவிலேயே அவன் இன்றும் கூலிக்கு நிற்க வேண்டியதாயிற்று. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே செல்வதற்கு வலிமையும் வேண்டும் என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

குற்றவியற் சட்டமும் படிப்படியாகவே வளர்ந்தது. ஒருவரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியது. ஆனால் பின்வந்த காலத்து வியாபாரி அடிமை என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. வெளிநாட்டில் வேலை என்பான், முற்பணம் என்பான், கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாகக் கூறித் தானே வைத்துக்கொள்வான். விற்பனைப் பத்திரம் இல்லாத இடத்தில் விற்பனையை எவ்வாறு நிரூபிப்பது?

இவ்விடர்ப்பாட்டுக்கு விடையாகவே பாராளுமன்றம் 1995இல் மனித வியாபாரத்தைத் தனிக்குற்றமாகச் சட்டக்கோவையிற் சேர்த்தது. 2006இல் அதனை விரிவாக்கியது. அச்சுறுத்தியோ ஏமாற்றியோ ஆள் சேர்த்தல், கொண்டுசெல்லல், ஒளித்துவைத்தல் ஆகிய யாவும் குற்றத்துள் அடங்கின. கடனைக் காட்டி ஒருவரைக் கட்டிவைத்தலும் குற்றமாயிற்று. மனித வியாபாரத்துக்கு இரண்டு முதல் இருபது ஆண்டுவரை மறியல் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் குழந்தையாயின், அக்குழந்தை சம்மதித்தது என்ற வாதம் எடுபடாது. 2015இல் இலங்கை, இக்குற்றம் பற்றிய ஐக்கிய நாடுகளின் பலேர்மோ நெறிமுறையை ஏற்று உறுதிசெய்தது. வேலைக்கமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. பிறர் வீட்டு அடுப்படியில் இளமையைக் கழிக்கும் சிறுமியருக்கு இது காவலாக அமைய வேண்டியது.

இந்நெடிய வரலாறு புகட்டும் பாடம் ஒன்றுண்டு. தண்டனை கடுமையாவது அவசியமே. ஆயினும் அதுமட்டும் போதாது. 1818இன் பதிவேடு உடைமைக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1821இன் ஒழுங்கு அடிமைத்தனத்தின் வேரைத் தேடிச் சென்றது. இன்றைய வேர் கடனும் வறுமையும் பொய் வாக்குறுதியுமாகும். தரகனைச் சிறையிலிடும் சட்டம், மீண்டு வருபவளின் கடனைத் தீர்க்கவும் அவளுக்குத் தொழிலும் கல்வியும் அளிக்கவும் துணைநிற்றல் வேண்டும். அன்றேல் 1844இல் விடுதலை பெற்றவன் பழைய வளவுக்கே திரும்பியது போல, அவளும் அதே தரகனின் வாயிலுக்கே திரும்ப நேரும்.