மால்தாவின் நீலச் சாளரம்: கடல் தந்தது, கடல் எடுத்துக்கொண்டது

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே அமைந்துள்ள சின்னஞ்சிறு நாடு மால்தா. மால்தா, கோசோ, கொமினோ ஆகியவை இதன் முக்கியத் தீவுகள். இங்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் திருப்பயணிகளும் படகில் தீவு தீவாகச் சென்று பார்ப்பது வழக்கம். மால்தாவின் வடமுனையிலிருந்து கோசோவுக்குப் பெரிய படகில் ஏறக்குறைய 25 நிமிடப் பயணம்தான். இடையில் கொமினோவும், அதன் தெளிந்த நீலநிறக் கடலும் உள்ளன.

கோசோவின் மேற்குக் கரையில் துவெய்ரா என்றோர் இடம் உண்டு. அங்கே பாறைகளால் சூழப்பட்ட குளம் போன்ற ஒரு சிறு நீர்நிலை இருக்கிறது. அதை 'உள்கடல்' என்கிறார்கள். அங்கிருந்து சிறு படகுகள், மலையைத் துளைத்துச் செல்லும் சுமார் 80 மீட்டர் நீளமுள்ள இயற்கைக் குகை வழியாக வெளிக்கடலுக்குப் போகின்றன. இருட்டைக் கடந்து வெளிச்சத்துக்கு வந்த பயணிகளுக்கு ஒரு காலத்தில் மாபெரும் கல்வாசல் ஒன்று காட்சி தந்தது. ஏறக்குறைய 28 மீட்டர் உயரமுள்ள அந்த இயற்கை வளைவை உலகம் 'நீலச் சாளரம்' என்று அழைத்தது. மால்தா மக்களுக்கு அது 'துவெய்ராவின் சன்னல்'.

வளைவு உருவாகும் விதம்

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைகளை நோக்கி அலைகள் வளைந்து வருகின்றன. ஆகவே, அலையின் முழு வேகமும் அங்கேதான் அதிகம் விழுகிறது. பாறையிலுள்ள வெடிப்புகளுக்குள் நீர் பாயும்போது, உள்ளே அகப்பட்ட காற்று அழுத்தப்பட்டு வெடிப்பைப் பெரிதாக்குகிறது. உப்பும், அலை அள்ளிவரும் கற்களும் தம் பங்கைச் செய்கின்றன. வெடிப்பு குகையாகிறது. குகை மறுபக்கம் வரை துளைக்கப்படும்போது, அல்லது அதன் ஒரு பகுதி இடிந்து விழும்போது, வளைவு பிறக்கிறது. துவெய்ராவில் இருந்தது சுண்ணாம்புக்கல் பாறை. அங்கிருந்த கடற்குகை ஒன்று இடிந்ததால், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், இந்தச் சாளரம் தோன்றியிருக்கும் என்று கருதப்படுகிறது.

நாம் வியந்து பார்க்கும் அழகைச் செதுக்கிய அலையே அதை அழிக்கவும் செய்கிறது. வளைவின் மேற்பகுதி விழுந்தபின் பொதுவாக ஒரு கல்தூண் தனியே நிற்கும். பின்னர் அதுவும் கரைந்து போகும்.

2017 மார்ச் 8

2012இல் வளைவின் ஒரு பெரும் பகுதி பெயர்ந்து விழுந்தது. 2013இல் வெளிவந்த நிலவியல் ஆய்வு, அரிப்பைத் தவிர்க்க முடியாது என்றாலும், வளைவு இன்னும் சில பத்தாண்டுகள் நிற்கக்கூடும் என்றது. ஆனாலும் மக்கள் அதன் மேல் ஏறி நடப்பதும், அங்கிருந்து கடலில் குதிப்பதும் நிற்கவில்லை. எனவே 2016 டிசம்பரில் அரசு அவசர ஆணை பிறப்பித்து, மேலே நடப்போருக்கு 1,500 யூரோ அபராதம் அறிவித்தது.

மூன்று மாதங்கள்தான் சென்றன. 2017 மார்ச் 8ஆம் நாள் காலை, கடும் புயலில் வளைவு இடிந்து கடலில் விழுந்தது. அதைத் தாங்கிய தூண்கூட மிஞ்சவில்லை. நாடே துயரமடைந்தது. ஆனால் அந்தக் காலையில் அதன் மேலும் கீழும் யாரும் இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெயில் காயும் கோடைநாள் ஒன்றில் இது நடந்திருந்தால்?

இது ஒன்று மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையிலிருந்த 'இலண்டன் பாலம்' என்ற வளைவின் ஒரு பகுதி 1990 ஜனவரியில் இடிந்தபோது, மறுபுறம் சிக்கிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர்தான் மீட்டது. கலாபகோஸ் தீவுகளின் 'டார்வின் வளைவு' 2021 மே மாதம் விழுந்தது.

பவுலடியார் தரும் பாடம்

மால்தா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புனித பவுலின் கப்பல் உடைந்த நிகழ்ச்சியே (திருத்தூதர் பணிகள் 27, 28). பயணம் ஆபத்தானது என்று பவுல் முன்கூட்டியே எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். இறுதியில் கப்பல் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் கரைசேர்ந்தார்கள். போனது கப்பல், காக்கப்பட்டது உயிர்.

அன்பார்ந்தவர்களே, இந்த வரிசையை நாம் மறந்துவிடக்கூடாது. பாறையை நம்மால் காப்பாற்ற முடியாது. கடலுக்கு அபராதம் விதிக்கவும் முடியாது. ஆனால் மனித உயிரைக் காப்பாற்ற முடியும். இன்றும் துவெய்ராவின் சிறு படகுகள் அந்தக் குகை வழியே செல்கின்றன. கோசோவின் வடகரையில் வியத் இல்-மியேலாஹ் என்ற மற்றொரு வளைவும் நிற்கிறது. அங்கானாலும் வேறெங்கானாலும், படகுப் பயணம் செல்வோர் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. வளைவின் மேல் ஏறாதீர்கள். அதன் அடியில் நின்று நீந்தாதீர்கள். லைஃப் ஜாக்கெட் அணியுங்கள். கடல் கொந்தளிக்கும்போது படகோட்டி "இன்று வேண்டாம்" என்றால், பணம் கொடுத்துவிட்டோமே என்று அவரை வற்புறுத்தாதீர்கள். ஒரு நிழற்படத்துக்காகப் பிள்ளைகளைப் பாறை விளிம்பில் நிறுத்தாதீர்கள்.

விழுந்த கற்கள் இன்று கடலடியில் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி மீன்கள் வாழ்கின்றன. அவற்றைக் காண முக்குளிப்போர் வருகிறார்கள். படைப்பின் வேலை அங்கே ஓயவில்லை. இருக்கும்வரை அதைக் கண்டு மகிழ்வோம், படைத்தவருக்கு நன்றி சொல்வோம், எச்சரிக்கும் குரலுக்குச் செவிகொடுப்போம்.