குழந்தைக்கு எத்தனை மில்லி? மருந்தளவுக் கணக்கின் வரலாறு

குழந்தைகள் பிரிவில் ஒரு செவிலியர் மருந்தைச் சிரிஞ்சில் எடுப்பதற்கு முன் செய்யும் கணக்கு இன்று எளிதாகத் தோன்றுகிறது. எடையை, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவால் பெருக்கி, மருந்தின் செறிவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். இந்த எளிமை தானாக வாய்த்ததன்று. குழந்தையை உருவில் சிறிய பெரியவராகக் கருதிய எண்ணத்திலிருந்து மருத்துவம் மெல்ல மெல்ல விடுபட்ட வரலாறு இக்கணக்குக்குள் இருக்கிறது.

தொடக்க விதிகள் வயதையே நம்பின. ஒளியின் அலைத்தன்மையை ஆராய்ந்த தாமஸ் யங் தொழிலால் மருத்துவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வகுத்த விதிப்படி, குழந்தையின் வயதை, அவ்வயதுடன் 12ஐக் கூட்டிவரும் எண்ணால் வகுக்க வேண்டும். கிடைப்பது பெரியவரின் அளவில் குழந்தைக்குரிய பங்கு. பெரியவருக்கு 400 மி.கி. எனில், 4 வதுக் குழந்தைக்கு 100 மி.கி. ஆனால் ஒரே வயதுடைய மெலிந்த குழந்தைக்கும் பருத்த குழந்தைக்கும் இவ்விதி ஒரே அளவைத் தரும். பிறந்த குழந்தைக்கோ விடை சுழியம்!

இக்குறையைப் போக்க எடையை அடிப்படையாகக் கொண்டது கிளார்க் விதி. அது எடையைப் பவுண்டில் கணக்கிட்டு 150ஆல் வகுத்தது. மேற்கண்ட குழந்தையின் எடை 15 கிலோ, அதாவது 33 பவுண்டு எனில், மருந்து 88 மி.கி. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடற்பரப்பு அளவுகோலாயிற்று. அதே குழந்தையின் உயரம் 100 செ.மீ. எனில் உடற்பரப்பு ஏறத்தாழ 0.65 சதுர மீட்டர். அதைப் பெரியவருக்குரிய 1.73ஆல் வகுத்தால் மருந்து 150 மி.கி. அளவுக்கு உயர்கிறது. ஒரே குழந்தை, ஒரே மருந்து. விதி மாறியதும் அளவும் மாறிவிட்டது.

இவ்விதிகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருந்தது: குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமே. 1959இல் குளோராம்பெனிக்கால் அதைத் தகர்த்தது. அமெரிக்காவில், தொற்று வராமல் தடுப்பதற்காகக் குறைமாதக் குழந்தைகளுக்கு இம்மருந்து தரப்பட்டது. மருந்து பெறாத குழந்தைகளைவிடப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி அவை மாண்டன. முதிராத கல்லீரலால் மருந்தை மாற்றவும் இயலவில்லை. முதிராத சிறுநீரகத்தால் அதை வெளியேற்றவும் இயலவில்லை. எடைக்கேற்பக் கணக்கிட்டும், உறுப்புகளின் முதிர்ச்சி கணக்கில் சேராததால் மருந்தே நஞ்சாயிற்று.

அதன்பின் ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி அளவு தேவை என்பது தெளிவாயிற்று. பழைய பின்ன விதிகள் நடைமுறையிலிருந்து விலகின. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கெனத் தனி அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 2007இல்தான்.

எனினும் இறுதிக் கணக்கு இன்றும் செவிலியரின் கையில்தான். இந்தியாவில் பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. எனப் பல செறிவுகளில் விற்கிறது. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உண்டு. கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 10 கிலோக் குழந்தைக்கு வேண்டியது 150 மி.கி. அது 125 மி.கி. சிரப்பில் 6 மி.லி.; சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. குப்பியை மாற்றி எடுத்து அதே 6 மி.லி.யைக் கொடுத்தால் குழந்தைக்குச் சேர்வது 600 மி.கி., நான்கு மடங்கு. தசமப்புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பிழை பத்து மடங்காகும். அரை மில்லியை 0.5 என்று சுழியத்துடன் எழுதுவதும், 5 மில்லியை 5.0 என்று எழுதாமல் விடுவதும் இதனால்தான்.

ஆகவே செவிலியர் கல்வியில் மருந்தளவுக் கணக்கைத் தேர்வுக்கான சூத்திரமாக மட்டும் கற்பிப்பது போதாது. சூத்திரம் எதைக் கணக்கில் கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதையும் மாணவர் அறிய வேண்டும். விட்டுப்போனவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் பேசத் தெரியாத குழந்தைகள்.